ஏரிக்கரையின் எல்லை: பெங்களூருவில் கட்டட அனுமதியின் வரலாறு

கடலும் பேராறும் இல்லாத மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவுக்குப் பல நூற்றாண்டுகளாக நீர் தந்தவை மனிதர் கரை கட்டித் தேக்கிய ஏரிகளே. ஓர் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியே வழியும் நீர், பள்ளத்திலுள்ள அடுத்த ஏரியைச் சேரும்படி அவை தொடராக அமைந்தன. இவற்றை இணைக்கும் பெருவாய்க்கால்களை ராஜகாலுவே என்பது கன்னட வழக்கு. ஏரிக்கரையில் யார் எதைக் கட்டலாம் என்னும் கேள்விக்கு இந்நகரம் காலந்தோறும் வெவ்வேறு விடை அளித்துள்ளது. அந்த விடைகளின் வரிசையில், கரையைப் பயன்படுத்தும் உரிமை அதைப் பேணும் கடமையிலிருந்து படிப்படியாகப் பிரிந்து, இறுதியில் மீட்டர் கணக்காகச் சுருங்கியதைக் காண முடிகிறது.

கங்கர் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த, 9ஆம் நூற்றாண்டின் அகரக் கல்வெட்டு ஏரிகளுக்கு மதகு அமைத்த செய்தியையும் புதிய ஏரி எடுத்த செய்தியையும் பதிவு செய்கிறது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, விண்ணமங்கலம் ஏரியின் வருவாய் இறைவனுக்கு அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. ஏரி எடுத்தவருக்கும் பழுது பார்த்தவருக்கும் பாசன நிலத்தில் ஒரு பங்கை வழங்கும் முறை கன்னட நாட்டில் பிட்டுவட்டம் எனவும், பிற்காலத்தில் கட்டுக்கொடுகே எனவும் வழங்கியது. மதகு திறந்து வயலுக்கு நீர் பகிர்ந்த ஊர்ப் பணியாளர், தமிழகத்து நீர்க்கட்டியைப் போல, நீருகண்டி எனப்பட்டார். ஏரியால் பயன் பெறுவதும் ஏரியைக் காப்பதும் ஒரே உடன்பாட்டின் இரு பக்கங்களாக இருந்ததால், கரைக்கெனத் தனியே ஓர் அனுமதிச் சட்டம் அன்று தேவைப்படவில்லை.

1890களில் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே குடிநீர் வரத் தொடங்கிய பின், நகருக்குள் இருந்த ஏரிகள் மெல்ல நீர்நிலை என்னும் மதிப்பை இழந்து மனையாகப் பார்க்கப்பட்டன. இதற்குச் சம்பங்கி ஏரி தெளிவான சான்றாகும். அதன் நீரை நம்பிக் காய்கறியும் பூவும் பயிரிட்டவர்களில் தமிழ் வழக்குடைய திகளர் சமூகத்தினர் முதன்மையானவர்கள். அவர்களது பாசனத் தேவையும் நகர விரிவாக்கமும் மோதியபோது ஏரியே தோற்றது. அதன் பரப்பில் இன்று கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்க, திகளர் நடத்தும் கரகத் திருவிழாவின் சடங்கிற்காக ஒரு சிறு குளம் மட்டும் அரங்கத்தின் அருகே விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்திற்கு நீர் எடுக்கும் உரிமை மறைந்து, வழிபாட்டிற்கான உரிமை மட்டும் எஞ்சியது.

விடுதலைக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் ஏரி நிலத்தைப் பெருமளவில் எடுத்துக்கொண்டது அரசே. தர்மாம்புதி ஏரி கெம்பேகவுடா பேருந்து நிலையமானது; சல்லகட்டா ஏரியில் கோல்ஃப் மைதானமும், கோரமங்கலா ஏரியில் தேசிய விளையாட்டுக் கிராமத்தின் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. இந்தப் போக்கை ஆராய 1985இல் என். லட்சுமண் ராவ் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு, எஞ்சிய ஏரிகளை வேறு பயன்பாட்டிற்கு மாற்றலாகாது எனப் பரிந்துரைக்க, 1988இல் அரசு அதனை ஏற்றது. ஏரியின் உட்பரப்பு இவ்வாறு கொள்கையளவில் காக்கப்பட்டதும், வழக்கு கரைக்கு நகர்ந்தது.

2007இல் ஒப்புதல் பெற்ற, 2015ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட மாஸ்டர் பிளான், ஏரி எல்லையிலிருந்து 30 மீட்டரும், ராஜகாலுவேக்களுக்கு அவற்றின் தரத்திற்கேற்ப 50, 25, 15 மீட்டரும் கட்டடமற்ற இடைவெளியாக விடப்பட வேண்டும் என வகுத்தது. பஃபர் என நகரவாசிகள் சொல்வது இதையே. ஏரிக்கான 30 மீட்டர் கட்டுப்பாடு 2014ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற்றது. இந்த அளவு தொடங்கும் இடம் நீர் நிற்கும் விளிம்பு அன்று, வருவாய்த்துறை வரைபடத்தில் ஏரிக்குரிய சர்வே எண்ணின் எல்லை. வாய்க்காலுக்கோ அதன் நடுக்கோட்டிலிருந்து அளந்தனர். எனவே ஒரு மனைக்கு அனுமதி கிடைப்பது, பழைய கிராம வரைபடத்தை வைத்து நில அளவர் எல்லையை எங்கே காட்டுகிறார் என்பதையும், வாய்க்கால், ஏரி போன்ற பொதுப் பயன்பாட்டிற்கென வரி விதிக்காமல் ஒதுக்கிய ‘பி கராப்’ நிலம் மனைக்குள் அகப்படுகிறதா என்பதையும் பொறுத்ததாயிற்று.

அகரம், பெள்ளந்தூர் ஏரிகளுக்கு இடையே எழுந்த இரு பெரும் கட்டுமானத் திட்டங்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வழக்காக வந்தபோது இம்முறை சோதனைக்குள்ளானது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பின்னரும் பணி கேள்விக்குள்ளாக, 2016 மே 4 அன்று தீர்ப்பாயம் நகரம் முழுமைக்கும் ஏரி இடைவெளியை 75 மீட்டராகவும், ராஜகாலுவேக்களுக்கு 50, 35, 25 மீட்டராகவும் வகுத்து, வாய்க்காலின் நடுவிலிருந்தன்றி அதன் விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும் என்றது. ஒரே தீர்ப்பால் எண்ணற்ற மனைகள் கட்டத்தகாத நிலமாயின. 2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம், சட்டப்படி உருவான திட்டத்தின் அளவுகளைத் திருத்தும் அதிகாரம் தீர்ப்பாயத்திற்கு இல்லை எனக் கூறி இந்தப் பொதுக் கட்டளையை நீக்க, பழைய அளவுகள் மீண்டன.

கடற்கரைக்கு 1991இலேயே மத்திய அரசின் அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான பகுதியை ஒழுங்குக்குள் கொணர்ந்தது. உள்நாட்டு ஏரிகளுக்கு அத்தகைய காப்பு வாய்க்கவில்லை. 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகளும், பாசனத்திற்கும் குடிநீருக்கும் மனிதர் அமைத்த நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. வயல் போனபின் பாசன ஏரியாக வேலை செய்யாத ஒன்று, பாசனத்திற்காகக் கட்டப்பட்டது என்பதாலேயே அவ்விதிகளின் காப்பை இழக்கிறது. இதனால் பெங்களூருவின் கரைகளுக்கு மாஸ்டர் பிளானும் மாநிலச் சட்டமுமே முதன்மை அரண்களாகின்றன. இரண்டும் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதைச் சொல்கின்றனவே ஒழிய, கரையருகே கட்டியவர் ஏரிக்குச் செய்ய வேண்டியதைப் பிட்டுவட்டம் போல உரிமையோடு பிணைக்கவில்லை. 30 என்பது 75 ஆகி மீண்டும் 30 ஆன பின்னும் அந்தக் கடமையின் இடம் நிரப்பப்படாமலே இருக்கிறது.