விஸ்பி மண்ணின் இரும்புச் சட்டைகள்

பால்டிக் கடலில் ஸ்வீடனை ஒட்டிக் கிடக்கும் கோட்லாந்துத் தீவின்மீது 1361ஆம் ஆண்டு கோடையில் டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமார் படையெடுத்தான். ஜூலை 27 அன்று விஸ்பி நகர மதிலுக்கு வெளியே நடந்த போரில் அவனை எதிர்த்து நின்றவர்களில் மிகப் பலர் தீவின் உழவர்கள். செல்வம் கொழித்த நகரத்து வணிகர்கள் மதிலுக்குள் இருந்தார்கள். உழவர்கள் வெட்டுண்டு வீழ்ந்த பிறகு, நகரம் சண்டையின்றி மன்னனிடம் பணிந்தது. இறந்தவர் சுமார் 1,800 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களைப் பெரும் குழிகளில் ஒட்டுமொத்தமாகப் புதைத்தார்கள்.

வழக்கமாகப் போர் முடிந்ததும் பிணங்களின் மேலிருந்த இரும்பை உரித்து எடுத்துக்கொள்வார்கள். கவசம் விலையுயர்ந்த பொருள். வென்றவனுக்கு அது ஊதியத்தில் ஒரு பங்கு. விஸ்பியில் அது முழுதாக நடக்கவில்லை. ஜூலை வெயிலில் உடல்கள் விரைந்து அழுகியதும், புதைக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை மலைக்க வைத்ததும் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படியானாலும், பலர் அணிந்த கவசத்தோடே மண்ணுக்குள் போனார்கள். கவசங்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் ஒரு பெரும்பகுதி இந்த அவசரத்தால் கிடைத்தது.

1905இல் தொடங்கி 1930 வரை பல கட்டங்களாக அக்குழிகள் அகழப்பட்டன. ஏறத்தாழ 1,185 பேரின் எலும்புகள் எண்ணப்பட்டன. அவர்களில் கணிசமானோர் சிறுவர்களும் முதியவர்களும் உடற்குறை உடையவர்களும். இரும்பு வளையங்களால் ஆன தலைமுக்காடுகள் ஏறக்குறைய இருநூறு கிடைத்தன. சில முக்காடுகளுக்குள் மண்டையோடு அப்படியே இருந்தது. 25 உடற்கவசங்களை அடையாளம் காண முடிந்தது. ஸ்வீடனின் தொல்லியலாளர் பெங்ட் தோர்டெமன் இவற்றை 1939–40இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பழங்காலக் கவசங்களைத் தம் கையால் செய்து, அணிந்து, அக்காலப் போரையும் பாசறையையும் மீள நிகழ்த்திக் காட்டும் அன்பர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பல்லாயிரக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டறைகளில் அதிகம் புரட்டப்பட்ட நூல்களுள் இது ஒன்று. வெளியிட்ட காலத்தில் எலும்பியலாரும் அருங்காட்சியகத்தாரும் மட்டுமே படிப்பார்கள் என்று தோர்டெமன் எண்ணியிருக்கக்கூடும்.

உழவனின் சட்டையை ஏன் இவ்வளவு பேர் தேடிப் போகிறார்கள்? அரண்மனைத் தொகுப்புகளில் எஞ்சியிருப்பவை அரசர்களுடையவை. லண்டன் கோபுரத்தில் எட்டாம் ஹென்றியின் கவசத்தைப் பார்க்கலாம். வியன்னாவில் பேரரசர்களின் அணிவகுப்புக் கவசங்களைப் பார்க்கலாம். பொன் பூசியவை, சித்திரம் பொறித்தவை, விருந்துக்கும் விளையாட்டுப் போருக்கும் செய்தவை. இவை பத்திரமாக இருக்கக் காரணம் இவற்றின் அழகும் உடையவர் பெயரும். காலாட்படை வீரன் அணிந்தது நைந்தால் ஒட்டுப் போடப்பட்டது; ஒட்டுக்கும் பயன்படாதபோது உலைக்குப் போயிற்று. சேகரிப்பவர்களின் கண் எப்போதும் மேலான பொருள்மீதே விழும் என்பதால், சேகரிப்பை மட்டும் பார்த்து ஒரு காலத்தை அறிய நினைப்பவர் ஏமாந்துதான் போவார்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்படி ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். சாமுவேல் ரஷ் மெய்ரிக் 1824இல் பழங்காலக் கவசங்களைப் பற்றி விரிவான நூல் எழுதினார். லண்டன் கோபுரத்துக் கவசங்களைக் காலமுறைப்படி திருத்தி அடுக்கியவரும் அவரே. கல்லறைச் சிற்பங்களிலும் ஏட்டுச் சித்திரங்களிலும் வளையக் கவசம் பலவிதமாகக் காட்டப்பட்டிருப்பதைக் கண்டு, ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு தனிக் கவசம் இருந்தது என்று அவர் பெயர் சூட்டிக்கொண்டே போனார். ஒரே வளையப் பின்னலைச் சிற்பிகள் தத்தம் மரபுப்படி வெவ்வேறாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பின்வந்த அறிஞர்கள் காட்டினார்கள். அந்தப் பெயர்களில் சிலவற்றைச் சொன்னபடி செய்து பார்த்திருந்தாலே, அணிந்தவன் கையைத் தூக்க முடியாது என்று தெரிந்திருக்கும்.

அதே நூற்றாண்டில் செய்து பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் கதை இன்னும் சுவையானது. 1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எக்ளின்டன் பிரபு தம் மாளிகைத் தோட்டத்தில் இடைக்காலக் குதிரைப்போர் விழா ஒன்றை நடத்தினார். இளம் பிரபுக்கள் லண்டன் வணிகர் சாமுவேல் பிராட்டிடம் கவசம் வாங்கி மாதக் கணக்கில் பழகினார்கள். விழா நாளில் கொட்டிய மழையில் ஊர்வலமே சேறாயிற்று. வீரக்கோலத்தில் வந்த பிரபு ஒருவர் குடை பிடித்துக்கொண்ட செய்தி நாடெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. சிரித்தவர்கள் கவனிக்காத ஒன்றுண்டு. பழைய கவசங்களைத் துண்டு துண்டாகப் பொருத்தி முழுமையாக்கி விற்கும் வணிகம் அந்தக் காலத்தில் செழித்தது. இரண்டு நாடுகளின், இரண்டு நூற்றாண்டுகளின் துண்டுகள் ஒரே உடலாக ஒட்டப்பட்டன. இன்றும் பழைய தொகுப்புகளை ஆராய்பவர்களின் முதல் வேலை, எந்தத் துண்டு எதனோடு பிறந்தது என்று பிரித்தறிவதுதான்.

விஸ்பிக் குழிகளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கிடைத்ததை எந்த வணிகனும் தொட்டதில்லை. ஆனால் கிடைத்தது கவசமா என்றால், அதுவும் இல்லை. துருவேறிய தகடுகளும் தறையாணிகளும் மட்டுமே. அக்கவசம் தோலாலோ கெட்டித் துணியாலோ தைத்த சட்டை. இரும்புத் தகடுகளை அதன் உட்புறத்தில் வைத்துத் தறையாணியால் அறைந்திருப்பார்கள். வெளியே பார்த்தால் ஆணித்தலைகளின் வரிசை மட்டும் தெரியும். ஐந்நூற்றைம்பது ஆண்டுகளில் தோலும் துணியும் மக்கிப் போயின. மிஞ்சிய இரும்பிலிருந்து மக்கிய சட்டையை மீட்டெடுக்க வேண்டும்.

இதற்கான வழியை ஆணியே சொல்கிறது. ஆணித்தலைக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறதோ, அதுவே மறைந்துபோன தோலின் தடிமன். தகட்டின் ஓரத்தில் ஆணிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைக் கொண்டு அடுத்த தகடு இதன்மேல் ஏறியதா, கீழே நுழைந்ததா என்று சொல்லலாம். கொக்கியும் வாரும் இருந்த இடம், சட்டை முதுகில் மூடியதா விலாவில் மூடியதா என்பதைக் காட்டிக்கொடுக்கும். தோர்டெமன் தகடுகளைக் குழியில் கிடந்த கிடையோடு ஒப்பிட்டு, உடற்கவசங்களைப் பல வகைகளாகப் பிரித்தார். சிலவற்றில் விரல்விட்டு எண்ணத்தக்க பெரிய தகடுகள்; சிலவற்றில் நூற்றுக்கணக்கான சிறு தகடுகள்; ஒன்றுமட்டும் கிழக்கு நாட்டு முறையில் தகடோடு தகட்டைக் கயிற்றால் கோத்தது.

காகிதத்தில் வரைந்த வடிவத்தைத் தோலில் வெட்டி, தகட்டை அறைந்து, மனிதன் ஒருவன்மேல் மாட்டும்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன. நிற்கும்போது சரியாக இருக்கும் தகடு உட்காரும்போது தொடையில் குத்தும். தோள்மேல் மட்டும் தொங்கினால் எட்டுப் பத்துக் கிலோ எடை ஒரு மணி நேரத்தில் கழுத்தை நொறுக்கிவிடும். இடுப்பில் இறுக்கமாக வளைத்துப் பிடித்தால் பாதிச் சுமை இடுப்பெலும்புக்கு இறங்கும். அகழ்ந்தெடுத்த தகடுகள் சில இடுப்பருகே உட்குழிந்திருப்பதன் நோக்கம் செய்து அணிந்தவனுக்கு உடனே விளங்கிவிடும். ஆய்வுக்கட்டுரையில் ஒரு வரியாகப் போகும் செய்தி உடலுக்குள் இறங்கும் இடம் இது. என் கணிப்பில், மீள்நிகழ்த்துவோரின் உண்மையான பங்களிப்பு அவர்கள் போர்க்களத்தில் காட்டும் ஆரவாரத்தில் இல்லை. இந்த அளவெடுப்பில்தான் இருக்கிறது.

வளையக் கவசத்தின் கதை வேறு. அதில் வடிவத்தைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோத்திருக்கும், அவ்வளவுதான். பொறுமைதான் வேண்டும். கம்பியை உருளையில் சுற்றிச் சுருளாக்கி, வெட்டி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தட்டையாக அடித்து, அந்த இடத்தில் கடுகளவு துளையிட்டு, ஆப்பு வடிவச் சிற்றாணியை நுழைத்து நசுக்க வேண்டும். சட்டை ஒன்றுக்கு இப்படி 20,000 வளையங்களுக்கும் மேல் தேவைப்படும். ஒரு வகையில், வரிசை விட்டு வரிசையாகத் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த மூட்டில்லா வளையங்களைச் சேர்த்து உழைப்பைப் பாதியாக்கினார்கள். பொழுதுபோக்காகச் செய்யத் தொடங்குபவர்கள் பலர் ஆணியை விட்டுவிட்டு முனைகளை வெறுமனே நெருக்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஈட்டி முனை பட்டால் அந்த வளையம் வாய் பிளக்கும். ஆணி அறைந்தது தாங்கும். கனமும் அப்படித்தான்: முனைகளை நெருக்கி மட்டும் செய்தால், வலுவுக்காகத் தடித்த கம்பியைப் போட வேண்டிவருகிறது, சட்டை தேவைக்கு மேல் கனக்கிறது. திரைப்படக் கவசங்களைப் பார்த்து அக்கால வீரன் நகரமுடியாமல் தவித்தான் என்று நினைத்தவர்கள் பலர். நன்கு செய்த சட்டை சுமார் பத்துக் கிலோ. அடியில் பஞ்சோ பல மடிப்புத் துணியோ வைத்துத் தைத்த தடித்த அங்கி. அதை அணிந்து ஓடலாம், குதிரை ஏறலாம்.

வாளுக்கு வில்லெஃகு வேண்டும். திருப்பாச்சி அரிவாள் செய்யும் கொல்லர் லாரி வில்பட்டையைத் தேடுகிறாரே, அதே காரணம்தான். விளையாட்டுப் போருக்கான வாளில் கூர் இராது. விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மழுங்க விடப்படும், முனை உருட்டப்படும். 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தோன்றிய பழங்கால மீட்புக் கழகம் இன்னும் ஒருபடி போய், எஃகையே விலக்கிப் பிரம்பை வாளாக்கிக்கொண்டது. சிலம்பக்காரர்களுக்கு இது வியப்பாக இராது.

இந்த இரும்பில் பெரும்பங்கு இன்று இந்தியாவில் உருவாகிறது என்பது பலருக்குத் தெரியாது. தேராதூனில் 1943இல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் முதலில் கூர்க்காப் படைகளுக்குக் குக்ரி செய்து கொடுத்தது. பின்னர் ஐரோப்பிய வாள், தலைக்கவசம், வளையச் சட்டை என்று உலகச் சந்தைக்கு அனுப்பும் பெரும் தொழிற்சாலையாக வளர்ந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வார இறுதியில் வளையச் சட்டை மாட்டுபவர்களில் பலரின் வளையங்களை நசுக்கியவை இந்தியக் கைகள். அவ்வளவு மலிவாகக் கிடைக்காவிட்டால் இந்தப் பொழுதுபோக்கு செல்வர் வீட்டு விளையாட்டாகவே நின்றிருக்கும்.

சரியான கவசம், சரியான எடை, சரியான ஆணி. அதனால் போரும் சரியாகிவிடுமா? விஸ்பி எலும்புகளில் வெட்டுக்காயங்கள் பெரிதும் முழங்காலுக்குக் கீழே விழுந்தவை. கேடயம் மறைக்காத இடம் அது. தலையிலும் ஏராளம். பெர்க்லிக் கழகத்தின் விதிப்படி முழங்காலுக்குக் கீழே அடிக்கக்கூடாது. இங்கிலாந்துக் குழுக்கள் பலவற்றில் தலை தடைசெய்யப்பட்ட இலக்கு. அடி வாங்குபவர் திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டியவர் ஆயிற்றே, விதி நியாயமானது. ஆனால் விதி மாறினால் கேடயத்தைத் தூக்கும் உயரம் மாறும், நிற்கும் நிலை மாறும், எந்த இடத்துக்கு இரும்பு வேண்டும் என்ற முடிவும் மாறும். விரல் உடையாமலிருக்க மீள்நிகழ்த்துவோர் அணியும் தடித்த இரும்புக் கையுறைகள், அக்காலச் சித்திரங்களில் எளிய காலாட்களின் கையில் அரிது. விஸ்பியில் 1984 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் இடைக்கால வாரம் கொண்டாடுகிறார்கள். மதிலடியில் நடக்கும் சண்டைகளைப் பார்ப்பவர், சட்டையை நம்பலாம், வாள்வீச்சை நம்ப வேண்டியதில்லை.

எஞ்சிய பழைய படைக்கலங்களை என்ன செய்வது என்பதிலும் இரண்டு வழிகள் வரலாற்றில் உண்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய படைக்கலச் சாலை, துருக்கியர் படையெடுப்பைத் தடுக்கச் சாமானிய வீரர்களுக்கு ஆயுதம் வழங்கிய கிடங்கு. 1749இல் அரசி மரியா தெரேசா அத்தகைய கிடங்குகளைக் கலைக்க எண்ணியபோது, ஸ்டிரியா மாநில அவையினர் முன்னோர் நினைவாக இதை விட்டுவையுங்கள் என்று கேட்டார்கள், அரசி இசைந்தார். ஏறத்தாழ 32,000 பொருள்கள், அதே மரத் தட்டுகளில், வரிசையாக இன்றும் இருக்கின்றன. சாமானியனின் கவசத்தைச் செய்ய விரும்புபவர் மண்ணைத் தோண்டாமல் அளவெடுக்கக்கூடிய அரிய இடங்களில் அது ஒன்று.

மற்ற வழி தஞ்சையில் நடந்தது. அங்கே அப்படிக் கேட்பதற்கு யாரும் இல்லை. மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். அரண்மனைப் படைக்கலச் சாலை 1860களில் கலைக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்துக்கென ஒரு பகுதி பொறுக்கி எடுக்கப்பட்டது; மிச்சம் பழைய இரும்பாகப் போயிற்று. வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இதை எழுதிவைத்தார். ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூலில் இத்தொகுப்பை விரிவாக ஆராய்ந்தார். எஞ்சியவற்றில் நம் கண்ணில் முதலில் படுபவை யாளியும் மயிலும் செதுக்கிய கட்டாரிகள், அங்குசங்கள். பொறுக்கியவர்களுக்கும் அழகின்மீதுதான் கண். தஞ்சைக் கோட்டைக் காவலில் நின்ற சாதாரணச் சிப்பாய் மார்பில் என்ன அணிந்தான், அது எத்தனை கிலோ, எந்த வாரால் எங்கே இறுக்கினான் என்று கேட்டால், உலைக்குப் போன இரும்பிடம்தான் கேட்க வேண்டும். நம் சரித்திரப் படங்களின் மார்புத் தகடுகள் ரோமானியன் போலவும் கிரேக்கன் போலவும் இருப்பதற்கு உடையமைப்பாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்துச் செய்ய அவர் கையில் என்ன இருக்கிறது?

நம் கண்ணாடிப் பேழைகளின் பெயர்ப்பலகைகளில் பெரும்பாலும் பொருளின் பெயரும் நூற்றாண்டும் கிடைத்த ஊரும் இருக்கும். எடை இராது, தகட்டின் தடிமன் இராது, ஆணிகளின் இடைவெளி இராது, உட்புறம் எப்படி என்பது தெரியவே தெரியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது; அளவுகள் வெளியே போவதை அது தடுக்கவில்லை. மக்கிய சட்டைகளுக்கே தோர்டெமனால் தகடு தகடாக வரைபடம் தர முடிந்தது. சென்னையில் எஞ்சியிருக்கும் தஞ்சை இரும்பை அதே முறையில் அளந்து, உட்புறத்தையும் வரைந்து வெளியிட்டால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தேராதூனுக்குப் போகலாம், திருப்பாச்சிக்கும் போகலாம்.