கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கான அறிவியல் வகுப்புத் துணைக்கருவிகள்

படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் தொடர்ந்து இடர்ப்படும் மாணவர்கள் அறிவியல் பாடத்தைப் புரிந்துகொள்ளவும், புரிந்ததை வெளிப்படுத்தவும் பயன்படுத்தும் கருவிகள். அச்சுப் பக்கத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள், பேச்சை எழுத்தாக்கும் செயலி, கணிப்பான், அளவைத் திரையில் எண்ணாகக் காட்டும் வெர்னியர் அளவி, ஒவ்வொரு படிக்கும் படம் போட்ட செய்முறை அட்டை, கணினியில் இயங்கும் ஆய்வக மாதிரி ஆகியன இவற்றுள் அடங்கும். படிப்பில் வரும் இடர் டிஸ்லெக்சியா என்றும், எழுத்தில் வருவது டிஸ்கிராஃபியா என்றும், எண்ணில் வருவது டிஸ்கால்குலியா என்றும் வழங்கும். அறிவியலை அறிவது ஒரு திறன், அச்சைப் படிப்பது வேறொரு திறன் என்பதை இக்கருவிகளின் வரலாறு முழுவதும் காணலாம். எனவே இவற்றைச் சலுகை என்று கருதுவதைவிட, மாணவரின் அறிவியல் அறிவைச் சரியாக அளப்பதற்கான வழி என்று கொள்வதே பொருந்தும்.

இந்த வேறுபாட்டுக்கான சான்று, இக்குறைபாடு குறித்த மிகப் பழைய பதிவுகளிலேயே கிடைக்கிறது. 1887இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 'டிஸ்லெக்சியா' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்; அவர் கண்டவர்கள் மூளைப் பாதிப்பால் படிக்கும் திறனை இழந்த பெரியவர்கள். பிறவியிலேயே அமைந்த இடரைப் பற்றிய புகழ்பெற்ற குறிப்பு 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. எழுதியவர் இங்கிலாந்தின் சீஃபோர்டு ஊர் மருத்துவர் பிரிங்கிள் மார்கன். அவர் விவரித்த பெர்சி என்ற 14 வயதுச் சிறுவன் ஏழு வயது முதல் பாடம் பயின்றும் சின்னச் சொற்களைக்கூடப் படிக்க முடியாதவன். தன் பெயரையே எழுத்து இடம் மாறி 'ப்ரெசி' என்று எழுதினான். பிழையைப் பலமுறை சுட்டிய பிறகே உணர்ந்தான். அதே சிறுவன் 749ஐ 867ஆல் விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கினான். எளிய இயற்கணிதமும் அவனுக்கு வந்தது. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிந்திருக்கிறார். பெயர் அறியப்படாத அந்த ஆசிரியரின் கணிப்பைக் கருவியாக மாற்ற உலகுக்கு ஏறக்குறைய 80 ஆண்டுகள் பிடித்தன. பிராட்ஃபோர்டு பள்ளி மருத்துவர் ஜேம்ஸ் கெர் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகைய குழந்தைகளைக் குறிப்பிட்டிருப்பதால், முதலில் கண்டவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1925இல் அமெரிக்கரான சாமுவேல் ஆர்ட்டன் இந்தப் படித்தல் இடரை ஆராய்ந்தார். 1963இல் சாமுவேல் கிர்க் 'கற்றல் குறைபாடு' என்ற பொதுப்பெயரைப் பரவலாக்கினார். 1976இல் ரே குர்ஸ்வைல் அச்சை உரக்கப் படிக்கும் இயந்திரத்தைப் பார்வையற்றோருக்காக வெளியிட்டார். அந்த நுட்பம் 1990களில் கற்றல் குறைபாடுள்ளோருக்கான மென்பொருளாகவும் வடிவெடுத்தது. 1998இல் வந்த கணிதக் குறிமொழி, சமன்பாட்டைக் கணினி சரியாக வாசிக்க வழி திறந்தது.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகளும், சில மாநிலங்களின் தேர்வுத் துறை ஆணைகளுமே அப்போது துணை. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 'குறித்த கற்றல் குறைபாட்டை' 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இதன் 17ஆம் பிரிவு கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவற்றுக்கு இடமளிக்கிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதது எனச் சான்றளிக்கப்பட்டவர்களுக்கு 18 வயது வரை உரிய துணைக்கருவிகளை இலவசமாகத் தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2021 நவம்பரில் நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட டிஸ்கிராஃபியா மாணவியின் வழக்கில், அது அவருக்குரிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் இப்பிரிவில் முதலில் சொன்ன சலுகைகள் பெரும்பாலும் தேர்வு நாளுக்கானவை, பின்னர் சொன்ன துணைக்கருவிகள் ஆண்டு முழுவதற்குமானவை. பேச்சும் வழக்கும் தேர்வுச் சலுகைகளைச் சுற்றியே நடக்கின்றன. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் இம்மாணவர்கள் அறிவியலை விட்டு ஓவியமோ இசையோ எடுக்கலாம். இந்த விலக்கு பலருக்கு உண்மையான ஆறுதல். ஆனால் பாடத்திலேயே தங்க விரும்பும் மாணவருக்கு ஆய்வக மேசையில் என்ன தருவது என்பதையும் அதே அக்கறையோடு வகுத்திருக்க வேண்டும்.

தமிழ் வழியில் இக்கருவிகளுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு தமிழில் ஆங்கிலத்தைவிடச் சீரானது என்பதால் டிஸ்லெக்சியா குறைவு என்பாரும், அது பிழையாக வெளிப்படாமல் வேகக் குறைவாக வெளிப்படும் என்பாரும் உளர். கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னே நின்று பின்னே ஒலிப்பவை. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் 13 தனி வடிவங்களைப் பொது வடிவத்துக்குக் கொண்டுவந்து சுமையைச் சற்றுக் குறைத்தது. இக்குழந்தைகளை எண்ணிச் செய்யப்படாத அந்த மாற்றம் அவர்களுக்கும் உதவியிருக்கக்கூடும். சவ்வூடுபரவல், மின்காந்தத்தூண்டல் போன்ற நீள்சொற்கள் இன்னும் சுமையே. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கோத்த கோப்புகளை வாசிப்பு மென்பொருள் குழறிப் படிக்கும். பக்கத்தைப் படமெடுத்து வாசித்து, கடினச் சொல்லைப் பிரித்துக் காட்டும் 'அவாஸ் ரீடர்' செயலியை மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கமும் சென்னையின் அவாஸ் நிறுவனமும் இணைந்து உருவாக்கின.

கருவி கொடுத்தால் குழந்தை படிக்கவே கற்காது என்பது இக்கருவிகளுக்கு எதிரான முதல் மறுப்பு. சிறப்பாசிரியரின் பயிற்சிக்குக் கருவி மாற்று அன்று. பயிற்சி பலன் தர ஆண்டுகள் ஆகும். ஏழாம் வகுப்பின் வெப்பமும் ஒளியும் அதுவரை காத்திரா. உரக்க வாசிக்கும் கருவிகளைப் பற்றிய பல ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, புரிதலில் மிதமான ஆனால் மெய்யான முன்னேற்றம் தெரிந்தது. மாறாக, டிஸ்லெக்சியாவுக்கென வடிவமைத்த எழுத்துருக்களுக்கு அத்தகைய சான்று கிட்டவில்லை. எல்லாக் கருவியும் நற்கருவி ஆகிவிடாது. மற்ற மாணவர்க்கு அநீதி என்பது இரண்டாவது மறுப்பு. தேர்வு எதை அளக்கிறது என்பதே இதற்கு விடை. ஓம் விதியைச் சோதிக்கும் வினாவில் கணிப்பான் எவரையும் ஏமாற்றாது. பெருக்கலையே சோதிக்கும் வினாவில் அதைத் தரக்கூடாது. சமன்பாடும் வரைபடமும் அறிவியலின் மொழியாயிற்றே, அவற்றைத் தவிர்க்கலாமா என்பது மூன்றாவது; இது வலுவானது. பின்னத்தில் தொகுதி எங்கே முடிகிறது என்பது காதுக்கு எளிதில் விளங்காது. அங்கே குரல் மட்டும் போதாது. தொட்டுப் பார்க்கும் மாதிரியும், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் போன்ற, தமிழிலும் கிடைக்கும் இயங்கு மாதிரிகளும் தேவை.

இக்கருவிகளின் தேவை அண்மையில் கூடிய ஓர் இடத்தைக் காண்போம். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி, 2024-25க்குள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. இதனால் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு போன்ற நகர்ப்பகுதிகளின் மாணவர்கள் அறிவியலை ஆங்கில நூலில் படிக்க நேர்கிறது. ஆங்கிலத்துக்கான வாசிப்புக் கருவிகள் முதிர்ந்தவை. ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டல் டிஸ்லெக்சியா உள்ளவருக்குக் கூடுதல் சுமை. கருவியின் தேவையும் கருவி கிடைக்கும் வாய்ப்பும் ஒருசேரக் கூடியிருக்கின்றன. 17ஆம் பிரிவின் இவ்விரு ஏற்பாடுகளையும், தேர்வுச் சலுகையையும் துணைக்கருவியையும், நிறைவேற்றும் பொறுப்பு இனித் தேர்வு அறையோடு நின்றுவிடலாகாது. ஆய்வக ரெக்கார்டு நோட்டு எழுதும் மேசைக்கும் அது வர வேண்டும்.