வெங்குர்லா பாறைத் தீவுகள்

மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில், வெங்குர்லா கரைக்கு அப்பால் அரபிக்கடலில் கிடக்கும் இப்பாறைத் தீவுகளில் ஆலா எனும் கடற்பறவைகள் கூடி முட்டையிடுகின்றன. காங்கிரஸ் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே, 1875இல், பின்னாளில் அதை நிறுவியவர்களில் ஒருவரான பறவை ஆய்வாளர் ஏ.ஓ. ஹியூம் கப்பலில் வந்து இங்குள்ள பறவைகளைப் பதிவு செய்தார். பின்னர் மும்பையின் பறவையியலாளர் ஹுமாயூன் அப்துல் அலி, 1883இல் அந்நகரில் தோன்றிய இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இத்தீவுகளைப் பற்றி எழுதினார்.

இத்தீவுகளில் மனிதரால் பெரிதும் துன்பப்பட்டவை குகைக்குள் வாழும் இந்திய உழவாரக் குருவிகள். உமிழ்நீரால் அவை கட்டும் கூடு சீனச் சூப்புக்கு உகந்தது. நல்ல விலை கிடைப்பதால் திருட்டுத்தனமாகக் கூடுகளைப் பெயர்த்தார்கள். கூட்டோடு முட்டையும் குஞ்சும் அழிந்தன. எந்தச் சுவைக்கும் இது ஏற்கத்தக்க விலையன்று. இன்று கூடெடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.