அமிர்தசரஸில் சீக்கியப் பிள்ளைப்பருவம்

அமிர்தசரஸ் நகரம் ஒரு குளத்தைச் சுற்றி எழுந்தது. நான்காம் குருவான ராம்தாஸ் 1577 வாக்கில் குளம் வெட்டும் பணியைத் தொடங்கினார். கூடவே வணிகர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்துக் குடியமர்த்தினார். அவர்கள் கடை போட்ட தெருவுக்கு இன்றும் குரு பஜார் என்றே பெயர். ஐந்தாம் குருவான அர்ஜன் குளத்தின் நடுவே ஹர்மந்திர் சாகிபைக் கட்டி, 1604-ல் சீக்கிய வேதமான ஆதி கிரந்தத்தை அங்கே எழுந்தருளச் செய்தார். வெளியூரார் பொற்கோயில் என்று சொல்லும் இதை ஊர்க்காரர்கள் தர்பார் சாகிப் என்பார்கள். தொலைதூரத்துச் சீக்கியர் வாழ்நாளில் ஓரிரு முறை வந்து வணங்கிப் போகும் இந்த இடம், பக்கத்துச் சந்துகளில் பிறந்த பிள்ளைக்கு அன்றாடம் புழங்கும் இடம். நூற்றாண்டுகளில் அதன் சுற்றுப்புறம் பலமுறை இடிந்தும் மாறியும் இருக்கிறது. பிள்ளையை வளர்த்த முறை மட்டும் அவ்வளவாக மாறவில்லை. பொருள் விளக்கும் முன்பே ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுவது அந்த முறை.

பிறந்த சில வாரங்களில் குழந்தையைக் குருத்வாராவுக்கு எடுத்துச் செல்வார்கள். அந்த வேதத்தை, குரு கிரந்த் சாகிபை, விரிக்கும்போது வரும் பாடலின் முதல் எழுத்தில் பெயர் அமையும். ஆண் என்றால் பெயரோடு சிங், பெண் என்றால் கவுர். குர்பிரீத், மன்ஜீத் போன்ற பெயர்கள் இரு பாலாருக்கும் பொது. முடியில் கத்தரி படாது. தினமும் காலையில் தாய் தலைவாரி உச்சியில் கொண்டை முடிந்து, பையன் என்றால் அதன்மேல் பட்கா என்னும் சிறு துணியைக் கட்டிவிடுவாள். கையில் இரும்புக் காப்பு. வளர்ந்ததும் பெரியவர்கள் கூடி முதல் தலைப்பாகை கட்டிவிடும் சடங்கு, தஸ்தார் பந்தி.

வேலை தொடங்கும் இடம் குரு ராம்தாஸ் லங்கர். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் இரவும் பகலும் உணவளிக்கும் பொதுச் சமையற்கூடம் அது. சிறுபிள்ளைகளுக்குப் பூண்டு உரிப்பதும் வெங்காயம் உரிப்பதும் கிடைக்கும். கொஞ்சம் வளர்ந்தால் தண்ணீர் ஊற்றலாம். பிறகுதான் ரொட்டிக் கூடை. ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு நகர முடியாது. பந்தியில் இருப்பவர் இரு கைகளையும் சேர்த்து ஏந்துவார், அதில் வைக்க வேண்டும். பரிமாறும் பிள்ளை, தரையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் முன்னும் குனிந்துதான் ஆக வேண்டும். வாசலில் ஜோடா கர் என்னும் செருப்புக் காப்பிடம் இருக்கிறது. அங்கே வசதி படைத்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் முன்பின் தெரியாதவரின் செருப்பை வாங்கித் தூசி துடைத்து வைப்பார்கள். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குச் சமத்துவம் பற்றித் தனியாக ஒரு பாடம் வேண்டியிருக்காது.

கதைகளுக்கும் பஞ்சமில்லை. பிரகாரத்துத் துக்க பஞ்சனி இலந்தை மரத்தடியில் நோய் தீர்ந்த கதையைச் சொல்வார்கள். 1757-ல் கோயிலுக்காகப் போரிட்டு உயிர்விட்ட பாபா தீப் சிங்கின் நினைவிடத்தில் அவருடைய கதை. பத்தாம் குருவான கோவிந்த் சிங்கின் இளைய மகன்கள் ஜோராவர் சிங், பதே சிங் இருவரும் சிர்ஹிந்தில் உயிரோடு சுவரில் வைத்துக் கட்டப்பட்ட வரலாற்றைக் கேட்காமல் எந்தச் சீக்கியப் பிள்ளையும் வளர்வதில்லை. கேட்கும் பிள்ளைக்கும் ஏறத்தாழ அவர்கள் வயதுதான் இருக்கும். 1958-ல் கோயில் வாசல் மாடியில் மத்திய சீக்கிய அருங்காட்சியகம் அமைந்த பிறகு, காதால் கேட்ட தியாகங்களைப் பெரிய ஓவியங்களாகவே பார்க்க முடிந்தது. ரம்பத்தால் அறுக்கப்படும் தியாகி மதி தாஸின் படத்தின் முன் அங்கே பிள்ளைகள் நிற்கிறார்கள். சிறு வயதுக்கு அது கடுமையான காட்சிதான். ஆனால் இந்தச் சமூகம் தன் துயரைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைத்ததே இல்லை.

எழுத்துக் கல்விக்குத் தனி வரலாறு உண்டு. ஆப்கானிய அரசர் அகமது ஷா அப்தாலியின் படை 1762-ல் கோயிலைத் தகர்த்தது. பிறகு அதை மீட்டுக் கட்டிய சீக்கியத் தலைவர்கள் குளத்தைச் சுற்றிப் புங்கா என்னும் மாளிகைகளை எழுப்பினார்கள். காவல்படைக்கும் யாத்திரிகருக்கும் தங்குமிடமாக இருந்த இவற்றில் சில, கல்விக்கூடங்களாகவும் விளங்கின. மரப்பலகையில் களிமண் பூசிக் காயவைத்து, நாணல் பேனாவால் குர்முகியின் முப்பத்தைந்து எழுத்துகளையும் பிள்ளைகள் எழுதிப் பழகினார்கள், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதியதுபோல. தேய்ந்ததும் கழுவி மறுபடியும் மண் பூச வேண்டும். அதுவும் மாணவன் வேலை. பின்னாளில் ‘சூரஜ் பிரகாஷ்’ என்னும் பெருங்காவியத்தை எழுதிய சந்தோக் சிங், இளவயதில் அமிர்தசரஸுக்கு வந்து கியானி சந்த் சிங்கிடம் பயின்றவர். மகாராஜா ரஞ்சித் சிங் கோயிலுக்குப் பொன் வேய்ந்த பணியும் அதே சந்த் சிங் வழியாகத்தான் நடந்தது.

ஆங்கிலேயர் 1849-ல் பஞ்சாபைப் பிடித்த பிறகு இந்தக் கல்வி மெலிந்தது. அந்தச் சிதைவைக் கல்வியாளர் லெயிட்னர் 1882-ல் வெளியிட்ட நூல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. 1873-ல் நகரின் மிஷன் பள்ளியில் படித்த நான்கு சீக்கிய மாணவர்கள் கிறித்தவர்களாகப் போவதாக அறிவித்தார்கள். சிங் சபா என்னும் சீக்கியச் சீர்திருத்த இயக்கம் பிறக்க அதுவே உடனடிக் காரணம். பின்னாளில் அதே ஊரில் மிஷன் பள்ளியில் படித்த பாய் வீர் சிங்தான் நவீன பஞ்சாபி இலக்கியத்தின் முன்னோடியானார். 1892-ல் கால்சா கல்லூரி வந்தது.

கோயிலுக்குள்ளும் மாற்றங்கள் நடந்தன. 1905 வரை பிரகாரத்தில் விக்கிரகங்கள் இருந்தன. அந்த ஆண்டு அவை அகற்றப்பட்டன. அதைவிடப் பெரிய மாற்றம் 1920 அக்டோபர் 12-ல் நிகழ்ந்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிச் சீக்கியரின் காணிக்கைப் பிரசாதத்தைப் பூசாரிகள் ஏற்பதில்லை. அன்று புதிதாக அமிர்தம் என்னும் சீக்கியத் தீட்சை ஏற்ற அந்த மக்கள் கால்சா கல்லூரி ஆசிரியர்களின் துணையோடு வந்து நின்றார்கள். தயக்கத்துக்குப் பின் பிரசாதம் ஏற்கப்பட்டது. சமபந்தி போதித்த கோயிலின் வாசலிலேயே, அந்த நாள் வரை, ஒரு பிள்ளையின் அனுபவம் அடுத்த பிள்ளையின் அனுபவமாக இருக்கவில்லை. அமிர்தசரஸின் இனிய நினைவுகளை மட்டும் எழுதுவோர் இதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது.

1923 ஜூனில் குளத்து நீரை வடித்துத் தூர் வாரும் கார் சேவை நடந்தது. ஊரே கூடைகளில் சேறு சுமந்தது. 1973-ல் மறுபடியும் அதே பணி.  1940-களில் பிரகாரத்தை அகலமாக்கப் புங்காக்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. இரட்டைக் கோபுரங்களோடு ராம்கடியா புங்கா எஞ்சியிருக்கிறது.

1947 பிரிவினை ஊரின் ஓசையையே மாற்றியது. குரு நானக்கின் தோழர் மர்தானாவின் மரபில் வந்த ரபாபிகள், முஸ்லிம்களாகவே இருந்து தலைமுறை தலைமுறையாக தர்பார் சாகிபில் கீர்த்தனை பாடியவர்கள். அவர்கள் பாகிஸ்தானுக்குப் போனார்கள். அங்கிருந்து அகதிகளாய் வந்த சீக்கியப் பிள்ளைகள் இந்தச் சந்துகளில் குடியேறினார்கள். குரு நானக் பிறந்த நன்கானா சாகிப் எல்லைக்கு அப்பால் போனதால், பிரிந்த குருத்வாராக்களைத் தடையின்றித் தரிசிக்க அருள வேண்டும் என்ற வேண்டுதல் அர்தாஸ் பிரார்த்தனையில் சேர்ந்தது. அதன் பின் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அதைக் கேட்டே வளர்ந்தது.

1984 ஜூனில், உள்ளே இருந்த ஆயுதக் குழுவினரை வெளியேற்ற ராணுவம் கோயிலுக்குள் நுழைந்தது. குரு அர்ஜனின் தியாக நாளையொட்டி வந்திருந்த யாத்திரிகர்கள் பிள்ளைகுட்டிகளோடு உள்ளே சிக்கினார்கள். பலர் உயிர் இழந்தனர். சீக்கியரின் உயர் பீடமான அகால் தக்த் சிதைந்தது, சீக்கிய ஆய்வு நூலகம் அழிந்தது. ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிள்ளைகள் இன்று நடுவயதைக் கடந்தவர்கள். 1988-ல் தொடங்கிய கலியாரா திட்டம் கோயிலைச் சுற்றி முப்பது மீட்டர் அகலத்துக்குக் கடைகளையும் வீடுகளையும் அகற்றியது. மதிலை ஒட்டிய பழைய சந்துகள் அப்போதுதான் மறைந்தன. 2016-ல் கோயிலுக்குச் செல்லும் பாதை பாரம்பரியத் தெருவாகப் புதுமுகப்புகள் பெற்றது.

இடிந்த சந்துகளின் பெயர்களும், எந்தப் புங்காவில் யார் பாடம் சொன்னார்கள் என்பதும், ரபாபிகள் எந்த நேரத்தில் பாடினார்கள் என்பதும் பெரும்பாலும் முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. பிரிவினையின்போது பத்து வயதாக இருந்தவர்கள் தொண்ணூறை நெருங்கிவிட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து இவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது.