விண்டோஸுக்கு இனி லாஜிக் இல்லை என்று சொன்ன நாள்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். "சார், நான் பாட்டு போடுற சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் வந்திருக்கு. காசு கட்டி அப்கிரேடு பண்ணவா, இல்ல வேற ஒண்ணுக்கு மாறிடவா?" என்று கேட்டான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். ஆனால் இதற்கும் வரலாறு இருக்கிறது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

1985ல் அடாரி எஸ்டி என்ற கணினி வந்தது. மிடி கருவிகளை நேரடியாகச் செருகும் வசதி அதிலேயே இருந்ததால் இசைக் கலைஞர்கள் விரும்பி வாங்கினார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்த சி-லேப் நிறுவனம் அதற்காக நோட்டேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்கள் 90களின் தொடக்கத்தில் பிரிந்து வந்து எமேஜிக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய லாஜிக் மேக்கில் ஓடியது, பிறகு விண்டோஸிலும் ஓடியது. அடாரி கணினித் தொழிலை விட்டு விலகியபோது நோட்டேட்டரில் பழகியவர்கள் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். அது முதல் இடமாற்றம்.

2002 ஜூலை 1 அன்று ஆப்பிள் எமேஜிக்கை வாங்கியதாக அறிவித்தது. உலகம் முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்கள் எமேஜிக் பொருட்களைப் பயன்படுத்துவதாக அந்த அறிக்கை சொன்னது. வருவாயில் 65 சதவீதத்துக்கு மேல் மேக் பொருட்களிலிருந்து வருகிறது என்றும் சொன்னது. கூடவே ஒரு வரி: விண்டோஸ் பதிப்புகள் செப்டம்பர் 30ஆம் தேதியோடு நிறுத்தப்படும். மூன்றே மாத அவகாசம்!

விண்டோஸ்காரர்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, மேக் வாங்குவது. செலவு அதிகம். ஆனால் பழைய பாட்டுகளைத் திறந்து வேலையைத் தொடரலாம். 2013ல் லாஜிக் ப்ரோ எக்ஸ் 199.99 டாலருக்கே கிடைத்தது.

இரண்டாவது, க்யூபேஸ், சோனார் போன்றவற்றுக்கு மாறுவது. அங்கும் நிம்மதி நிரந்தரமில்லை. க்யூபேஸைச் செய்த ஸ்டைன்பெர்க் அடுத்த சில ஆண்டுகளில் பினக்கிளிடமும் பிறகு யமஹாவிடமும் போனது. சோனாரைச் செய்த கேக்வாக்கை 2013ல் கிப்சன் வாங்கியது. 2017 நவம்பரில் இனி அதை மேம்படுத்தப் போவதில்லை என்று கைவிட்டது. 2018ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் எடுத்து இலவசமாகவே கொடுத்தது.

மூன்றாவது, இருப்பதையே வைத்துக்கொள்வது. லாஜிக் 5.5 உடனே ஓடாமல் போய்விடவில்லை. அந்தக் கணினி உயிரோடு இருக்கும்வரை ஓடியது.

இதில் எது சரி? மூன்றுமே சிலருக்குச் சரி, சிலருக்குத் தவறு. ஆனால் எந்த வழியில் போனாலும் கூடவே கொண்டுபோக முடிந்தவை இரண்டு: மிடி கோப்பும், வேவ் கோப்பும். மிடி 1983ல் பல கம்பெனிகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொதுமொழி, தனி ஒருவரின் சொத்து அல்ல. லாஜிக்கின் ப்ராஜெக்ட் கோப்பை க்யூபேஸ் திறக்காது. மிக்ஸிங் அளவுகளும் எஃபெக்டுகளும் அதற்குள்ளேயே தங்கிவிடும்.

இதைச் சொன்னதும் மாணவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் அப்பா பாடிய பாட்டு ஒன்று பழைய ப்ராஜெக்டாக இருக்கிறதாம். அப்பா இப்போது இல்லை.

அவனிடம் சொன்னேன்: "முடிவை அப்புறம் எடு. முதலில் ஒவ்வொரு பாட்டையும் திற. ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வேவாக எடு. மிடியைத் தனியாக எடு. டெம்போவை நோட்டில் எழுதி வை. இரண்டு ஹார்டு டிஸ்கில் போடு. கையில் இருக்கும் வேலையைப் பழைய வெர்ஷனிலேயே முடி. அதற்குப் பிறகு அப்கிரேடோ மாற்றமோ, உன் பணத்தைப் பொறுத்தது."

நேற்று இரவு வாட்ஸ்அப்பில் அப்பா பாட்டை அனுப்பியிருந்தான், குரல் மட்டும் தனியாக. அப்கிரேடு பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லையாம். பரவாயில்லை, இனி அவசரமில்லை.

உங்களில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், இப்படி மாறிய அனுபவம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். அவனும் படிப்பான்.