திருச்சபை ஆண்டும் அரசின் நாட்காட்டியும்

மேலைத் திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு ஜனவரி முதலாந் திகதியன்று தொடங்குவதில்லை. நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளுள் முதலாவதில் திருவருகைக் காலத்துடன் தொடங்கி, நத்தார், தபசுகாலம், உயிர்ப்புக் காலம், பெந்தெகொஸ்தே எனச் செல்லும் இவ்வொழுங்கு பக்தியின் வெளிப்பாடாகவே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின் அதன் வரலாற்றை நோக்குமிடத்து, ஒரு சமூகத்தின் காலத்தை வரையறுக்கும் உரிமை எவருக்குரியது என்னும் வினா அதனூடே தொடர்ந்து எழுவதைக் காணலாம்.

இவ்விழாக்களுள் மிகப் பழையது உயிர்ப்பு விழா. சின்னாசியத் திருச்சபையினர் யூதரின் நீசான் மாதம் 14ஆம் நாளிலேயே, அது எக்கிழமையில் வரினும், பாஸ்காவைக் கொண்டாடினர். உரோமையோ ஞாயிறையே வற்புறுத்தியது. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமை ஆயர் விக்டர் சின்னாசியத்தாரைத் திருச்சபை ஒன்றிப்பினின்றும் விலக்க முற்பட்டபோது, லியோன் நகர ஆயர் இரனேயுஸ் குறுக்கிட்டு அமைதி வேண்டினார். வழக்கம் வேறுபடுவதனால் விசுவாசம் வேறுபடாது என்பது அவரது நிலைப்பாடு. பின்வந்த நூற்றாண்டுகளில் இப்பெருந்தன்மை அரிதாகவே காணப்பட்டது.

அரசு இதிற் புகுந்தது 4ஆம் நூற்றாண்டிலாகும். 321இல் பேரரசர் கொன்ஸ்தந்தீன் ஞாயிறை ஓய்வு நாளாகச் சட்டமாக்கினார். 325இல் அவர் கூட்டிய நீசேயாச் சங்கம், யூதரின் கணிப்பைச் சாராது, அனைவரும் ஒரே ஞாயிறில் உயிர்ப்பு விழாவைக் கொண்டாட வேண்டுமெனத் தீர்மானித்தது. மார்ச் 21ஐச் சமவிராப்பகல் நாளாகக் கொண்டு, அந்நாளிலோ அதன் பின்னரோ வரும் பூரணையை அடுத்த ஞாயிறு என்னும் விதி அலெக்சாந்திரியக் கணிப்பின் வழியே காலப்போக்கில் நிலைபெற்றது. இதன்படி விழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே அலைகின்றது. தபசுகாலமும் பெந்தெகொஸ்தேயும் அதனுடன் சேர்ந்து அலைகின்றன. நத்தார் மட்டும் அசையாது. அது பிற்காலத்தது, டிசம்பர் 25ஐ உரோமையர் அனுட்டித்தமைக்கான தெளிவான சான்று 354ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றிலேயே கிடைக்கின்றது.

யூலிய நாட்காட்டியின் ஆண்டு உண்மையான சூரிய ஆண்டிலும் ஏறத்தாழ 11 நிமிடங்கள் மிகுந்தது. இச்சிறு பிழை திரண்டு, 16ஆம் நூற்றாண்டிற் சமவிராப்பகல் மார்ச் 11ஐ அண்மிவிட்டது. எனவே பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் 1582இல் ஒக்டோபர் 4ஐ அடுத்த நாளை 15 ஆக்கினார். கணக்குச் சரியானதே, ஆயினும் அது பாப்பரசரின் கணக்காயிருந்தது. புரட்டஸ்தாந்து இங்கிலாந்து 1752 வரை அதனை ஏற்கவில்லை. கீழைத் திருச்சபைகளுட் பெரும்பாலானவை உயிர்ப்பு விழாவுக்கு இன்றும் யூலியக் கணிப்பையே கைக்கொள்கின்றன. 2024இல் மேலையோருக்கு மார்ச் 31இலும் கீழையோருக்கு மே 5இலும் வந்த விழா, 2025இல் இரு சாராருக்கும் ஏப்ரல் 20இல் வந்தது.

இலங்கையில் இவ்வினா வேறொரு வடிவில் எழுந்தது. ஞாயிறு விடுமுறை ஐரோப்பிய ஆட்சியின் வழிவந்தது. பௌத்த மறுமலர்ச்சியின் பின்னணியில் அது வினாவுக்குட்பட்டதில் வியப்பில்லை. 1966இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறை வேலை நாளாக்கிச் சந்திரனின் நான்கு பிறைநிலைகளுக்குரிய போயா நாள்களை வாரவிடுமுறையாக்கியது. (சைவரின் வெள்ளிக்கிழமையைப் பொது விடுமுறையாக்கும் எண்ணம் அந்நியர் ஆட்சிக்கும் எழவில்லை, சுதந்திர அரசுக்கும் எழவில்லை.) உயிர்ப்பின் வாராந்த நினைவாகிய ஞாயிறு வழிபாட்டைக் கிறிஸ்தவத் தொழிலாளி வேலைக்கு முன்னரோ பின்னரோ நிறைவேற்ற வேண்டியதாயிற்று, கொன்ஸ்தந்தீனுக்கு முந்திய கிறிஸ்தவரின் நிலையும் இதுவே. சந்திரகதிக்கேற்ப வாரத்தின் நீளம் மாறியமையாலும், பிறநாடுகளுடனான வணிகம் இடர்ப்பட்டமையாலும் இவ்வேற்பாடு நீடிக்கவில்லை. 1971ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் ஞாயிறை மீட்டளித்து, பூரணைப் போயாவையும் விடுமுறையாக நிலைநிறுத்தியது. உயிர்ப்பு விழாவும் பூரணையைக் கொண்டே கணிக்கப்படுவதால், பெரிய வெள்ளியும் அப்பருவத்துப் போயாவும் ஆண்டுதோறும் ஒரு வார எல்லைக்குள் அடுத்தடுத்து வருகின்றன.