கைரேகைச் சட்டமும் எச்சில் பரிசோதனையும்



எச்சிலை அனுப்பினால் பூர்வீகம் சொல்கிறார்களாம். "நம் விருப்பம்தானே, இதில் என்ன?" என்று சிலர் கேட்கிறீர்கள். கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி வந்து உள்ளூர்களில் விற்றவர்கள் உப்புக் குறவர்கள். உப்பு வரியும் ரயிலும் அந்தப் பிழைப்பைக் குலைத்தன. பிறகு அவர்கள் ஊர் ஊராகப் போவதே குற்றத்துக்கு அடையாளம் என்று காவல்துறை பார்த்தது. அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909இல் அவர் நூல் 7 தொகுதிகளாக வந்தது. ஆளைப் பார்க்காமல் கூட்டத்தை எடைபோடுவதற்கு அறிவியல் என்று பெயர் கிடைத்தது.

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் 'சேலம் உப்புக் குறவர்' இன்று சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியலின் பெயர் மாறியது. பார்வை முழுதாக மாறவில்லை. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாது என்று 2024 அக்டோபரில்கூட உச்ச நீதிமன்றம் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் 1990களில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அதை மனநோய், பூர்வீக ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

கைரேகை ஒருவரை மட்டும் காட்டும். மரபணு அண்ணன் தம்பி, பிள்ளைகள், பங்காளிகள் எல்லோரையும் சேர்த்துக் காட்டும். ஒருவர் சம்மதித்தால் கேட்காத பத்துப் பேரின் தகவலும் போகிறது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோய்க்கு வழி அதில்தான் பிறக்கும். கணினித் துறையிலும் ஆய்வகத்திலும் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் கைக்கு வரும் தகவலில் சாதிப் பெயரோ ஊர்ப் பெயரோ இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். முடிவு தப்பானால் அடி யார் மேல் விழும்? அவர்களைக் கேட்டோமா?